நான்காவது மாடிக்கு ஆள் வந்த நாள்

வீட்டில் எல்லோரும் என்னைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்று வயது ஆகிவிட்டது, முன்பக்கம் நரைத்துவிட்டது, இன்னும் குட்டிதான். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், வாடகைதாரர்கள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு முதல் மாடிப் பல் டாக்டர் ஒருநாள் வாய் தவறி "குட்டி மேடம்" என்று கூப்பிட்டுவிட்டு, சங்கடத்தில் மாஸ்க்கைக் கண்வரை இழுத்துக்கொண்டார்.

அத்தானின் கட்டடத்தைப் பதினோரு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். தரைத்தளமும் மேலே ஐந்து மாடியும். கீழே ஒரு மருந்துக்கடை, ஒரு கண்ணாடிக் கடை. முதல் மாடியில் பல் டாக்டரும் ஒரு ஆடிட்டரும். இரண்டாவதில் கணினி வகுப்பு. மேலே இருந்த மூன்று மாடிகளையும் ஒரு காப்பீட்டு நிறுவனம் மொத்தமாக எடுத்திருந்தது. லிஃப்ட் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும், கழிவறைக் குழாய் சொட்டினாலும் எனக்குத்தான். என் கல்யாணம் இரண்டு வருடம்கூட நிலைக்காமல் நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தவர் அத்தான். "உக்காந்து அழுதுட்டு இருக்காம நாளைலேர்ந்து வந்து லைட்டு பில்லு கட்டு" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் அந்த வேலைதான் என்னை நிமிர்த்தியது.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவர்கள் குடியிருக்கும் வீடு அவள் சம்பளத்தில் வாங்கியது, அவள் பெயரில் இருந்தது. அத்தான் அதைப் பெருமையாகச் சொல்வார்: "வீடு அம்மணியோடது, நான் வாடகை குடுக்காம இருக்கேன்."

கட்டடத்தின்மேல் வங்கிக் கடன் இருந்தது. அது எப்படிப்பட்ட கடன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். ஐந்து வருடத்துக்கு ஒரு கடன். மாதாமாதம் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அரிசி பொறுக்குகிற மாதிரிதான் குறையும். ஐந்தாம் வருடம் முடியும்போது மீதியை மொத்தமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் புதுக் கடனாக மாற்றிக்கொள்ள வேண்டும். மொத்தமாகக் கட்டுகிறவர் யாரும் கிடையாது. எல்லோரும் மாற்றிக்கொள்வார்கள். முதல் தடவை மாற்றியபோது நானும் அத்தானோடு போயிருந்தேன். கையெழுத்துப் போட்டோம், டீ கொடுத்தார்கள், குடித்தோம், வந்தோம். அன்று கட்டடத்தின் மதிப்பு நூறு என்று வைத்துக்கொண்டால் வங்கி அறுபத்தைந்து கொடுத்தது.

பிறகு காலம் கெட்டது. முதலில் செய்தித்தாளில் கெட்டது, பிறகு எங்கள் தெருவிலும் கெட்டது. எதிர்வரிசையில் ஒவ்வொரு கட்டடமாக 'வாடகைக்கு' என்ற பலகை முளைத்தது. காப்பீட்டு நிறுவனம் ஆட்களைப் பாதியாகக் குறைத்து, மிச்சமிருந்தவர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டு, மூன்று மாடியையும் காலி செய்தது. மூன்றாவது மாடியைப் பாதி வாடகைக்கு ஒரு பயிற்சி மையத்துக்குக் கொடுத்தோம். நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே கிடந்தன. தரகர்களைக் கூட்டி வந்து கதவைத் திறந்து காட்டிக் காட்டி என் கைதான் ஓய்ந்தது. வருகிறவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றோம்" என்று போவார்கள். யாருமே யோசித்த மாதிரி தெரியவில்லை.

கடன் முடிய மூன்று மாதம் இருந்தபோது வங்கியிலிருந்து கடிதம் வந்தது. மீதிக் கடன் அறுபது. இந்தத் தடவை புது மதிப்பீடு வேண்டுமாம். அந்த மதிப்பில் நூற்றுக்கு அறுபது மட்டும்தான் தருவார்களாம். மதிப்பு எவ்வளவு குறைகிறதோ, அந்தப் பள்ளத்தை அத்தான்தான் கைக்காசு போட்டு நிரப்ப வேண்டும்.

அத்தான் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார். பிறகு ஒரு காலை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"குட்டி, ஒரு வேலை. உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்."

"சொல்லுங்க அத்தான்."

"நாலாவது மாடிக்கு ஆள் வந்தாச்சுன்னு வச்சுக்கோ."

"அப்படியா! யாரு?"

"வச்சுக்கோன்னுதானே சொன்னேன்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அவருடைய நண்பர் ஒருவர் ஸ்டேஷனரி மொத்த வியாபாரி. அவர் தன் நிறுவனத்தின் பெயரைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நான்காவது மாடியை அவர் ஐந்து வருடத்துக்கு எடுத்திருப்பதாக ஒரு அக்ரிமென்ட். வங்கியின் மதிப்பீட்டாளர் வருகிற அன்று மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர், ஆட்கள். ஒரே ஒரு நாள்.

"ஐந்தாவது மாடி?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அது காலியாவே இருக்கட்டும். ரெண்டையும் ரொப்பினா நம்ப மாட்டாங்க."

"தப்பில்லையா அத்தான் இது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு மாசத்துல நெஜமாவே யாராவது வந்துட்டாங்கன்னா? கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டோம், அவ்வளவுதானே. மதிப்பு தொண்ணூறு வந்துடும். பேங்க் அம்பத்தி நாலு தரும். மிச்சம் ஆறு. அதை எப்படியாவது பொரட்டிடுவேன்."

"அக்காவுக்கு?"

"அவளுக்கு எதுக்கு? அவளுக்கு வார்டுல இருக்கற தலைவலி பத்தாதா?"

அன்று மத்தியானமே அக்ரிமென்ட்டை நான் டைப் செய்தேன். தேதியை இரண்டு மாதம் முன்னால் போட்டேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் செய்தேன். அத்தான் படித்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதிப்பீட்டாளர் வரப்போகும் நாளுக்கு முந்தைய இரண்டு நாள் நானும் வாட்ச்மேனும் லோடுமேன்கள் போல வேலை செய்தோம். காப்பீட்டு நிறுவனம் ஐந்தாவது மாடியில் போட்டுவிட்டுப்போன பழைய மேஜைகளை நான்காவதுக்கு இறக்கினோம். ஸ்டேஷனரிக்காரர் பெயர்ப்பலகையும் இருபது பழைய கம்ப்யூட்டர்களும் அனுப்பினார். அவற்றில் பாதி வெறும் திரைதான். "லைட்டு எரிஞ்சா போதும்" என்றார் போனில். ஆட்களை ஒரு ஏஜென்சியில் பிடித்தோம். கண்காட்சிகளுக்கும் திறப்பு விழாக்களுக்கும் ஆள் அனுப்புகிறவர்கள். ஒரு நாள் கூலிக்கு இருபத்தாறு பேர். 'அலுவலகம் போல உடுத்தி வரவும்' என்று சொல்லியிருந்தோம்.

அவர்கள் காலை எட்டரைக்கே வந்துவிட்டார்கள். எல்லோரும் நன்றாக உடுத்தி, தலை வாரி, சிலர் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு. நான் பயந்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அந்த இடம் ஒரு அலுவலகமாக மாறிவிட்டது. ஒருவர் வெற்று விசைப்பலகையில் சீராகத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் போன் செய்து "பில் அனுப்பிட்டீங்களா சார்?" என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நடுத்தர வயதுக்காரர் பக்கத்து மேஜைப் பையனைப் பார்த்து "சத்தமா பேசாதப்பா, வேலை பண்றவங்க இருக்காங்க" என்று அதட்டினார்.

நீலச் சட்டை போட்ட ஒரு பெண் மட்டும் என்னிடம் தனியாக வந்தாள். முப்பது வயது இருக்கும்.

"மேடம், இந்தக் கம்பெனி நெஜமாவே வரப்போவுதா?"

"தெரியலம்மா. ஏன்?"

"இல்ல, வந்தா ஆள் எடுப்பாங்களான்னுதான். நான் டிராவல்ஸ் ஆபீஸ்ல ஆறு வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். மூடி எட்டு மாசம் ஆவுது." கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். அவளுடைய விவரங்கள் எல்லாம் அதில் இருந்தன. நான் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

பத்தரை மணிக்கு மதிப்பீட்டாளர் வந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அம்மாள். ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை, கையில் சுவரைப் பார்த்துச் சிவப்புப் புள்ளி அடித்து நீளம் சொல்லும் கருவி. கீழேயிருந்து ஒவ்வொரு மாடியாகப் பார்த்தார். படிக்கட்டுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். அத்தான் கூடவே போய் எல்லாவற்றுக்கும் இரண்டு வார்த்தை அதிகமாகப் பேசினார்.

நான்காவது மாடியில் அந்த அம்மாள் வாசலிலேயே நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அத்தானை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"இது எப்பலேர்ந்து குடுத்திருக்கீங்க?"

"ரெண்டு மாசம் ஆகுது மேடம்."

"வாடகை ஒழுங்கா வருதா?"

"வருது."

இரண்டே பதில்கள். குரல் நடுங்கக்கூட இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் குறித்துக்கொண்டு, "கரண்ட் மீட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டார். நான்காவது மாடி மீட்டர் ஒரு வருடமாக நகரவே இல்லை.

அப்போதுதான் லிஃப்ட் கதவு திறந்தது. அக்கா.

அன்று அவளுக்குப் பல் டாக்டரிடம் முறை என்பது எனக்குத் தெரியாது. ஊசி போட்டு மரத்துப்போவதற்காகக் காத்திருந்த நேரத்தில் டாக்டர், "நாலாவது மாடிக்கு ஆள் வந்துட்டாங்க போலிருக்கே, காலைலேர்ந்து லிஃப்ட் ஓயல" என்றிருக்கிறார். அவள் அப்படியே எழுந்து, கழுத்தில் கட்டிய காகிதத் துண்டைக்கூடக் கழற்றாமல் மேலே வந்துவிட்டாள்.

வாசலில் நின்று அந்த இருபத்தாறு தலைகளையும் பார்த்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் குட்டி! ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே!"

பாதி வாய் மரத்திருந்ததால் வார்த்தை குழறியது, சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "தெனமும் இவரு தூங்காம பொரண்டுட்டு இருந்தாருடி. நான் என்னமோன்னு பயந்து போயிருந்தேன்." நீலச் சட்டைப் பெண் எழுந்து ஓடிவந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டி, "நல்லா இருங்கம்மா, எல்லாரும் நல்லா இருங்க" என்றாள்.

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதிப்பீட்டாளர் அம்மாள் பத்தடி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் இளகியது.

"உங்க அக்காவா?"

"ஆமா மேடம்."

அவர் மீட்டரைப் பற்றி மறுபடியும் கேட்கவில்லை. ஐந்தாவது மாடியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மேஜைகளை மறுபடியும் மேலே ஏற்றினோம். அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அத்தானும் சொல்லவில்லை. அவள் அந்த வாரம் எங்கள் எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்தாள். ஏற்கெனவே இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்த சமையலறைக் குழாய் வேலையை ஆரம்பித்தாள். நான் போய் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவள் பேசுவதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து மதிப்பீடு வந்தது. எழுபது.

அத்தான் நம்பவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்காவது மாடி வாடகையைச் சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள். அப்படியும் எழுபதுதான். காரணமும் எழுதியிருந்தது. பக்கத்துத் தெருவில் இரண்டு கட்டடங்கள் அடிமாட்டு விலைக்குப் போயிருந்தன. முன்பெல்லாம் ஒரு வருட வாடகையைப்போல் பதினாறு மடங்கு கொடுத்துக் கட்டடம் வாங்க ஆட்கள் இருந்தார்கள். இப்போது பதினொன்றுக்கே தலையைச் சொறிகிறார்கள். கட்டடம் நிறைந்திருந்தால் என்ன, அதை வாங்குகிறவன் பயந்து போயிருந்தால்? நாங்கள் சொன்ன பொய்யால் ஏதோ கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் பள்ளம் அதைவிட எத்தனையோ ஆழம்.

எழுபதில் வங்கி தருவது நாற்பத்திரண்டு. கட்ட வேண்டியது அறுபது. பதினெட்டுக்கு எங்கே போவது? வங்கி அதிகாரி ஒரு வழி சொன்னார். வேறு சொத்து ஏதாவது ஈடாகக் கொடுத்தால் கடனை அப்படியே ஒரு வருடம் நீட்டித்துத் தரலாம், வட்டி கொஞ்சம் கூடும். அவர்கள் பார்வையில் இருந்த வேறு சொத்து ஒன்றே ஒன்றுதான். அக்காவின் வீடு.

நான் எதிர்பார்த்தது, அக்கா யோசிப்பாள் என்று. அவள் யோசிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"குடுத்துடலாங்க. கட்டடம் காலியா கெடந்தா நானே வேண்டாம்னு சொல்லுவேன். இப்பதான் நாலாவது மாடி நெறைஞ்சிடுச்சே, அஞ்சாவதும் வந்துடும். வீடு எங்க போயிடப் போவுது? நான் கண்ணால பார்த்தேனே!"

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச்சொல்லியிருக்காங்க" என்றார்.

வங்கிக்காரர்களை ஏமாற்ற விரித்த வலை. அவர்கள் பணம் அதில் விழவே இல்லை. விழுந்தது அவள்.

புதன்கிழமை மத்தியானம் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் மூன்றாவது வார்டுக்குப் பின்னால் துணி அலமாரி இருக்கிற சின்ன அறையில் விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியது.

அவள் ஒரு விரிப்பை எடுத்து மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சரியாக வைத்து மடித்தாள்.

"அந்த நீலச் சட்டைப் பொண்ணு? எனக்குத் தண்ணி குடுத்தாளே."

"அவளும்தான்க்கா. ஏஜென்சி ஆளு."

"அக்ரிமென்ட்?"

"நான்தான் டைப் பண்ணினேன்."

இன்னொரு விரிப்பை எடுத்தாள். "நான் அழுதப்ப நீ பக்கத்துலதானே நின்ன?"

அவள் அதையும் மடித்து அடுக்கில் வைத்தாள்.

"அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்து விளக்கேத்தி வச்சேன்" என்றாள். "போ. எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கு."

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் வங்கிக்கு வந்தாள். கையெழுத்துப் போடுவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. அத்தானிடம் எதுவும் கேட்டமாதிரியும் தெரியவில்லை. அதிகாரி இளைஞர், நல்ல மாதிரி. தாள்களை அடுக்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அரைமணி நேரம் படித்தாள். டீ ஆறிப்போயிற்று.

"இது எத்தனை வருஷத்துக்கு தம்பி?"

"ஒரு வருஷம் மேடம். அப்புறம் மறுபடியும் மதிப்பீடு பண்ணுவோம்."

"அடுத்த வருஷம் வெல இன்னும் எறங்கியிருந்தா?"

"அப்ப பார்த்துக்கலாம் மேடம்."

"என்னத்தைப் பார்க்கறது? அப்ப என்கிட்ட குடுக்க வேற வீடு இருக்காதே."

அதிகாரி அத்தானைப் பார்த்தார். அக்கா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "என் வீட்டைத் தர மாட்டேன் தம்பி. கட்டடத்தை வித்துக் கட்டச் சொல்லுங்க." அவ்வளவுதான். நான்காவது மாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரார் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

வங்கிப் படிக்கட்டில் அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீதானே சொன்ன?"

"ஆமா அத்தான்."

"பதினோரு வருஷம் குட்டி" என்றார். முகம் அடி வாங்கியமாதிரி ஆகிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று மாலை அக்காவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. 'அந்த அம்மாகிட்ட நீயே போய் சொல்லு.'

மதிப்பீட்டாளர் அம்மாளின் அலுவலகம் ஒரு ஸ்கேன் சென்டரின் மாடியில் இருந்தது. ஒற்றை அறை, கூரைவரை கோப்புகள். அவருக்கு எல்லாம் தெரிந்தே இருக்கும், அனுபவசாலி, புரிந்துகொண்டுதான் மதிப்பைக் குறைத்துப் போட்டிருப்பார் என்று நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அது என் சௌகரியத்துக்கு நானே கட்டிக்கொண்ட நினைப்பு. அவருக்கு ஒன்றுமே தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"முப்பத்தோரு வருஷமா மீட்டர் பார்க்காம நான் ஒரு ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டதில்ல" என்றார். "உங்க அக்கா அழுததைப் பார்த்தேன். ஒரு மனுஷி அப்படி நடிக்க முடியாதுன்னு நினைச்சேன்."

"அவ நடிக்கல மேடம்."

"இப்ப புரியுது." எங்கள் கோப்பை அடுக்கிலிருந்து உருவி மேஜைமேல் வைத்தார். "நீங்க வந்து சொன்னது நல்லதுதான். ஆனா உங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கல. தப்பா எடுத்துக்காதீங்க. கெளம்புங்க."

அவர் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நடந்ததை வங்கிக்கு எழுதினார். வங்கி அவருக்கு ஆறு மாதம் வேலை கொடுக்காமல் நிறுத்தி வைத்தது. பொய் சொன்ன எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கு, விசாரணை என்று போனால் கட்டடம் பல வருடம் முடங்கும், பணம் வராது என்று அவர்களுடைய வக்கீல் சொல்லியிருப்பார் போல. ஆறு மாதத்துக்குள் விற்றுக் கடனை அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் போலீஸ் என்றார்கள். இப்போதும் அந்த அம்மாளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஆறு மாதத்தில் கட்டடத்துக்கு நான்கு பேர் விலை கேட்டார்கள். ஒவ்வொருவரும் முந்தையவரைவிடக் குறைத்துக் கேட்டார்கள். எங்களுக்குக் கெடு இருக்கிறது என்பது எப்படியோ தெருவுக்கே தெரிந்திருந்தது. கடைசியில் மாணவர் விடுதிகள் நடத்தும் ஒரு நிறுவனம் அறுபத்தொன்றுக்கு வாங்கியது. வாடகைதாரர்கள் கொடுத்திருந்த முன்பணத்தை அதில் கழித்துக்கொண்டார்கள். வங்கி தாமத வட்டி போட்டது. துண்டு விழுந்ததற்கு அத்தான் காரை விற்றார். இருபது வருட உழைப்பு போய், மிஞ்சியது கடன் இல்லை என்பது மட்டும்தான். பல் டாக்டருக்கும் மற்றவர்களுக்கும் காலி செய்ய ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எனக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.

பத்திரப் பதிவு அன்று சாட்சிக் கையெழுத்துப் போட அக்கா வந்திருந்தாள். ஆறு மாதமாக அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போன் செய்தால் எடுப்பாள், "சொல்லு" என்பாள், நான் ஒன்றும் சொல்ல முடியாமல் வைத்துவிடுவேன். அத்தான் கையெழுத்துப் போட்டபோது அக்கா தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் அவர் வாங்கியவர்களோடு சாவிகளை ஒப்படைக்கப் போனார். நாங்கள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அந்த மனுஷன் பயத்துல புத்தி கெட்டுப் பண்ணினாரு. அது எனக்குப் புரியுது. நீ ஏன் மூணு வாரம் வாயை மூடிட்டு இருந்த? என் வீட்டுக்கு வந்து, என் கையால வாங்கிச் சாப்பிட்டுட்டு?"

அத்தானைக் காட்டிக்கொடுக்க மனமில்லை, உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை, குடும்பம் உடைந்துவிடும். எத்தனையோ பதில்களை நான் ஆறு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"பயம்க்கா."

"யாரு மேல?"

"யாரு மேலயும் இல்ல. கட்டடம் போயிட்டா என் வேலை போயிடும். மறுபடியும் பெட்டியோட நிக்கணும். அதுதான். குடும்பம், அது இதுன்னு நான் நினைச்சதெல்லாம் அப்புறம் வந்ததுதான்."

ஒரு பஸ் வந்து போயிற்று, அவளுடையதுதான், ஏறவில்லை.

"இதை அவர்கிட்டயும் சொல்லு" என்றாள். "அவரு, தன்னை நம்பி நீ கெட்டுப்போயிட்டன்னு நினைச்சுட்டு இருக்காரு. ஞாயித்துக்கெழமை வா."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அத்தான்தான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். இன்னொருவருடைய கட்டட வேலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. நான் வாசலில் நின்றபடியே அக்காவிடம் சொன்னதை அவரிடமும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு உள்ளே போனார். நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்து எனக்கு இடம் செய்தார்.

"இப்ப எங்க இருக்க?"

"பயிற்சி மையத்துல அத்தான். நம்ம மூணாவது மாடியில இருந்தாங்களே, அவங்கதான். கட்டடம் விக்கறோம்னு தெரிஞ்சதுமே வேற எடத்துக்கு மாறிட்டாங்க. ஆபீஸ் வேலை."

"எவ்வளவு தர்றாங்க?"

சொன்னேன்.

"கொறச்சல்" என்றார்.

"கொறச்சல்தான்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார் அவர். அக்கா மூன்று டம்ளர்களில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.